உடற்பயிற்சி செய்யும்போது எத்தனை கலோரி சாப்பிடணும்? ஆப் ஒண்ணு சொல்லுது, வாட்ச் ஒண்ணு சொல்லுது

#1 மெதுநடை

வயது 34, பெண், உயரம் 162 செ.மீ., எடை 78 கிலோ. உட்கார்ந்து பார்க்கும் வேலை. வாரம் 5 நாள் 45 நிமிட வேக நடை, 2 நாள் எடைப் பயிற்சி 45 நிமிடம். எடை குறையணும்.

ஒரு கால்குலேட்டரில் போட்டால் எடை மாறாமல் இருக்க 2,265 கலோரி என்கிறது. இன்னொன்று 2,010 என்கிறது. போனில் இருக்கும் ஆப் 1,510 சாப்பிடச் சொல்கிறது, ஆனால் நடந்து முடித்ததும் வாட்சிலிருந்து 340 கலோரியை எடுத்துச் சேர்த்து "இன்று 1,850 சாப்பிடலாம்" என்று மாற்றிக்கொள்கிறது. எதை எடுத்துக்கொள்வது? அந்த 340-ஐச் சாப்பிடலாமா, கூடாதா?

#2 கணக்குப்பிள்ளை

மூன்றும் ஒரே சூத்திரத்தின் பிள்ளைகள்தான். 1990-ல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியார் சூத்திரம். கிலோவில் எடையை 10-ஆல் பெருக்கு, செ.மீ.-இல் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. பிறகு ஆணென்றால் 5 கூட்டு, பெண்ணென்றால் 161 கழி. உங்களுக்கு:

780 + 1,012.5 − 170 − 161 = 1,461.5

நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கிற தொகை இது. இதுவரை சண்டை இல்லை. சண்டை அடுத்த பெருக்கலில் வருகிறது. "மிதமான உழைப்பு" என்று தேர்ந்தெடுத்தால் 1.55, விடை 2,265. "லேசான உழைப்பு" என்றால் 1.375, விடை 2,010. ஒரு சொல்லை மாற்றியதில் 255 கலோரி கூடிவிட்டது பாருங்கள். யாரும் உங்களை அளக்கவில்லை. ஒரு பட்டியலில் நீங்கள் தொட்ட வரி அது, அவ்வளவுதான்.

உங்கள் ஆப் 2,010-இல் 500-ஐக் கழித்து 1,510 என்கிறது. அந்த 1.375-க்குள் வாரத்தில் சில நாள் பயிற்சி ஏற்கெனவே அடக்கம். அதன் மேல் வாட்சின் 340-ஐயும் கூட்டினால் ஒரே நடைக்கு இரண்டு முறை சம்பளம். எடை இறங்காத பாதிப் பேருக்கு இங்கேதான் ஓட்டை.

இரண்டில் ஒரு வழியைப் பிடியுங்கள். ஒன்று, பயிற்சியையும் உள்ளடக்கிய பெருக்கலைப் போட்டுவிட்டு வாட்சை மறந்துவிடுவது. இல்லை, பயிற்சி இல்லாத நாளுக்கான பெருக்கலைப் போட்டுவிட்டு, பயிற்சியைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்ப்பது. இரண்டையும் கலக்காதீர்கள்.

நான் இரண்டாவது வழிக்காரன். பயிற்சி தவிர மற்ற நேரத்துக்கு 1.2 என்பது அறையை விட்டு வெளியே வராதவர்களுக்கான எண். உட்கார்ந்த வேலை, வீட்டு வேலை கொஞ்சம், கடைக்குப் போய்வருவது என்றிருந்தால் 1.3 பொருந்தும். 1,461.5 × 1.3 = 1,900. இதில் பயிற்சியைச் சேர்க்கணும். நடைக்கணக்கு நடைமீட்டருக்கு விட்டுவிடுகிறேன்.

#3 நடைமீட்டர்

அழைத்ததற்கு நன்றி. வாட்சின் 340 எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். பல வாட்சுகளில் இரண்டு எண் இருக்கும்: "டோட்டல்" ஒன்று, "ஆக்டிவ்" ஒன்று. டோட்டலில், அந்த 45 நிமிடம் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய கலோரியும் சேர்ந்திருக்கும். அது உங்கள் 1,900-க்குள் ஏற்கெனவே இருக்கிறது.

கையால் போடுவது சுலபம். ஒவ்வொரு வேலைக்கும் 'மெட்' என்றொரு மதிப்பு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். கிலோவுக்கு, மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. மணிக்கு 5.6 கி.மீ. வேகத்தில் சமதள நடை 4.3 மெட். அதிலிருந்து உட்கார்ந்திருக்கும் 1-ஐக் கழித்தால் 3.3.

3.3 × 78 கிலோ × 0.75 மணி = 193 கலோரி.

அதே போல எடைப் பயிற்சி, செட்டுகளுக்கு இடையில் ஓய்வோடு, 3.5 மெட். 1 கழித்து 2.5 × 78 × 0.75 = 146.

வாரத்துக்கு: 193 × 5 = 965, 146 × 2 = 292, மொத்தம் 1,257. ஏழால் வகுத்தால் நாளுக்கு 180. ஆக உங்கள் எடை நிற்கும் அளவு 1,900 + 180 = 2,080 வாக்கில்.

ஓடுகிறவர்களுக்கு இதைவிடக் குறுக்குவழி உண்டு. சமதளத்தில் ஒரு கி.மீ. ஓட, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1 கலோரி கூடுதல் செலவு. நடந்தால் அதில் பாதி. வேகம் கூடினால் சீக்கிரம் முடியுமே தவிர, கி.மீ.-க்கான செலவு ஓட்டத்தில் பெரிதாக மாறாது. 60 கிலோக்காரர் 10 கி.மீ. ஓடினால் 600. வாட்ச் 850 காட்டினால் நம்பாதீர்கள்.

வாட்சை ஏன் சந்தேகப்படுகிறேன் என்றால், 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின. கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறு. மிக மோசமானது 93 சதவீதம். எடைப் பயிற்சியில் இன்னும் சிக்கல்: கனமாகத் தூக்கும்போது துடிப்பு எகிறும், ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு எகிறாது. துடிப்பை வைத்துக் கலோரி சொல்கிற கருவி அங்கே ஏமாந்துவிடும்.

டிரெட்மில் திரையில் வரும் எண்ணும் அப்படித்தான். உங்கள் எடையை உள்ளிடாவிட்டால் அதுவே ஏதோ ஒரு எடையை வைத்துக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் உடம்புக்குச் செலவு குறையும். திரைக்கு அது தெரியாது.

#4 இரும்புத்தூக்கி

கணக்கு சரி, ஆனா "500 கழி"ன்னு எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்றதை நிறுத்தணும். நாளுக்கு 2,900 செலவு பண்றவருக்கு 500 ஒண்ணுமில்ல. 1,700 செலவு பண்ற சின்ன உடம்புக்காரங்களுக்கு அது கிட்டத்தட்ட முப்பது சதவீதம், நாலாவது நாளே பசி பிடுங்கும். சதவீதமாப் போடுங்க. 20 சதவீதம் நல்ல தொடக்கம். 2,080-ல 20 சதவீதம் 416. மீதி 1,664, 1,660-ன்னு வெச்சுக்கலாம். குறைக்க வேண்டியது கொஞ்சம்தான்னா 10, 15-ஏ போதும். அப்படிப்பட்டவங்க 25-க்கு மேல போனா தசையும் சேர்ந்து போகும்.

அடுத்தது புரதம். கலோரி எண்ணை மட்டும் பிடிச்சிட்டு இதை விட்டா தராசுல எடை இறங்கும், கண்ணாடில ஒண்ணும் தெரியாது. கிலோவுக்கு 1.6 கிராம். உங்க எடையில கொழுப்பு கூடுதலா இருக்கறதால 78-ஐ வெச்சுப் பெருக்க வேண்டியதில்ல, போய்ச் சேர நினைக்கிற எடையை வைங்க. 65-ன்னா 104 கிராம். கிராமுக்கு 4 கலோரி, அதுல 416 போச்சு. மீதி 1,244-ல மாவுச்சத்தும் கொழுப்பும் உங்க வசதி. அந்த விகிதத்துக்காகச் சண்டை போடுறவங்களைக் கண்டுக்காதீங்க.

நடை, ஓட்டம் மாதிரி கார்டியோவைக் கூட்டிக்கிட்டே போய், எடைப் பயிற்சியை விட்டுடாதீங்க. 146 கலோரிதானேன்னு தோணும். அது கலோரிக்காகச் செய்றதில்ல. "இந்தத் தசை வேணும், கரைக்காதே"ன்னு உடம்புக்குச் சொல்றதுக்கு.

#5 மெதுநடை

மிக்க நன்றி. அப்போ நடக்கிற நாளில் கூடவும் நடக்காத நாளில் குறைவாகவும் சாப்பிடணுமா? இன்னொன்று: புதிதாகப் பயிற்சி தொடங்கினால் முதல் இரண்டு வாரம் எடை ஏறும் என்கிறார்களே, உண்மையா?

#6 உப்புநீர்

உண்மை, ஏறலாம். கொழுப்பால் இல்லை, தண்ணீரால்.

பழக்கமில்லாத தசையை வேலை வாங்கினால் அது வீங்கிக்கொண்டு நீரைப் பிடித்துவைக்கும். பயிற்சி பழகப் பழக, தசை கிளைக்கோஜனையும் (உடம்பு சர்க்கரையைச் சேர்த்துவைக்கும் வடிவம்) கூடுதலாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் உட்காரும். உப்பு தூக்கலாக ஒரு வேளை சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டலாம். இதே கணக்கு தலைகீழாகவும் ஓடும்: மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தவருக்கு முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பங்கு நீர். அதைக் கொழுப்பென்று நினைத்துக் கொண்டாடுபவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் மனம் விட்டுப்போகிறார்கள்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கூடும் பெண்கள் பலர். ஆகவே இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். சுழற்சியின் அதே வாரத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

எடை பார்ப்பது காலையில், கழிப்பறை போய்வந்தபின், தண்ணீர்கூடக் குடிக்குமுன். தினமும் பார்த்து எழுதி, ஏழு நாள் சராசரியை மட்டும் கவனியுங்கள். தனி நாளின் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

#7 இரும்புத்தூக்கி

நாளுக்கு நாள் மாத்தறது உங்க இஷ்டம். வாரத் தொகை ஒண்ணாத்தான் இருக்கணும். 1,660 × 7 = 11,620. நடக்கிற அஞ்சு நாள் 1,700, மத்த ரெண்டு நாள் 1,560-ன்னு வெச்சாலும் 8,500 + 3,120, அதே 11,620. பயிற்சி நாள்ல பசி கூடுதுன்னா இப்படிப் பிரிங்க. இல்லன்னா தினமும் ஒரே எண், தலைவலி இல்ல.

#8 கணக்குப்பிள்ளை

இதுவரை போட்ட எல்லாமே ஊகம். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். ஒரே எடை, உயரம், வயதுள்ள இரண்டு பேருக்கு நாளுக்கு 200, 300 கலோரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். உங்கள் உண்மையான எண்ணை உங்கள் தராசுதான் சொல்லும். நான்கு வாரம் போதும்.

முறை இது. 28 நாள், சாப்பிட்டதை எல்லாம் எழுதுங்கள். தினமும் எடை. முதல் வாரச் சராசரியையும் நான்காம் வாரச் சராசரியையும் எடுங்கள். பேச்சுக்கு, முதல் வாரம் 78.3, நான்காம் வாரம் 77.2 என்று வைத்துக்கொள்வோம். எழுதிய கலோரியின் சராசரி 1,620.

குறைந்தது 1.1 கிலோ. ஒரு கிலோ உடல் எடை குறைய 7,700 கலோரி என்று வைத்தால், 8,470. இதை எத்தனை நாளால் வகுப்பது? 28 என்று வகுத்துவிடுவார்கள். தவறு. முதல் வாரச் சராசரி அந்த வாரத்தின் நடுநாளைக் குறிக்கிறது, நான்காம் வாரச் சராசரியும் அப்படியே. நடுவுக்கு நடு 21 நாள். 8,470 ÷ 21 = 403. ஆக, எடை நிற்கும் அளவு 1,620 + 403 = 2,023. சூத்திரம் 2,080 சொன்னது, 57 வித்தியாசம். இனிமேல் 2,023-ஐ வைத்துக்கொண்டு 20 சதவீதத்தைக் கழியுங்கள்.

இந்த முறையின் அழகு வேறொன்றில் இருக்கிறது. எழுதும்போது எல்லோருக்கும் கொஞ்சம் விட்டுப்போகும். நீங்கள் தினமும் 150 கலோரியை எழுதாமல் விடுகிறீர்கள் என்றால், உண்மையில் சாப்பிட்டது 1,770, உண்மையான செலவு 2,173. உங்கள் தாளில் 1,620-உம் 2,023-உம் இருக்கும். இரண்டிலும் அதே 150 குறைவதால் இடைவெளி மாறவில்லை, 403-தான். உங்கள் தாளின் கணக்கிலேயே இலக்கு வைத்தால் எடை சரியாக இறங்கும். நிபந்தனை ஒன்றுதான்: தவறினால் எப்போதும் ஒரே மாதிரி தவறணும். திங்கள் முதல் வெள்ளி வரை கிராம் கணக்கு, சனி ஞாயிறு எழுதுவதே இல்லை என்றால் இந்த முறை உடைந்துபோகும்.

#9 பூச்சியம்

சிறு திருத்தம். 7,700 என்பதைக் காலத்துக்கும் நீட்டக் கூடாது. ஒரு பவுண்டுக்கு 3,500 என்று மருத்துவர் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி 1958-ல் எழுதியதன் கிலோ வடிவம்தான் இது. நான்கு வாரத்துக்குப் பொருந்தும். ஆனால் "நாளுக்கு 500 குறைத்தால் ஓர் ஆண்டில் 23 கிலோ" என்று நீட்டினால் வராது. எடை குறையக் குறையச் செலவும் குறையும். உடல் எடை ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2011-ல் கணித மாதிரியோடு காட்டியது இதைத்தான்.

உங்கள் சூத்திரத்திலேயே பார்க்கலாம். 5 கிலோ குறைந்தால் அடிப்படை 50 இறங்கும், 1.3-ஆல் பெருக்க 65. லேசான உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதால் நடையின் செலவும் 193-லிருந்து 181. அதற்கு மேல், பற்றாக்குறையில் (செலவைவிடக் குறைவாகச் சாப்பிட்டு) இருக்கும்போது நம்மை அறியாமல் உட்காருவோம், கை கால் ஆட்டுவது குறையும், மாடிக்குப் பதில் லிஃப்ட். 4, 5 கிலோவுக்கு ஒருமுறை #8-இல் உள்ளதை மீண்டும் போடணும்.

நடைமீட்டருக்கும் ஒன்று. பயிற்சியில் 193 செலவழித்தால் நாளின் மொத்தத்தில் 193 முழுசாகக் கூடுவதில்லை. உடம்பு வேறெங்காவது சிக்கனம் பிடிக்கிறது. 2021-ல் வந்த ஓர் ஆய்வில் அந்த ஈடுகட்டல் சராசரியாக 28 சதவீதம். ஆகவே பயிற்சிக் கலோரியைச் சாப்பிடுவதானால் முழுசாகச் சாப்பிடாதீர்கள், பாதியிலிருந்து முக்கால் வரை போதும்.

#10 நடைமீட்டர்

ஏற்கிறேன். ஆனால் #8 முறைக்குப் போய்விட்டால் அந்த 28 சதவீதமும் அதற்குள் வந்துவிடுகிறது, தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. தொடக்க ஊகத்துக்கு மட்டும்தான் அது.

#11 தட்டு

எழுதுவதில் எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லையே. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், இறங்கவில்லை" என்றவர்களை அளந்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை. தெரியவில்லை.

முதல் குற்றவாளி எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கரண்டியில் ஊற்றி அளந்தால் வழிந்தது கணக்கில் வராது. பாட்டிலையே தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். −14 என்று காட்டினால் 14 கிராம் போயிருக்கிறது. 9-ஆல் பெருக்க 126.

இரண்டாவது, பச்சையா வெந்ததா. அரிசி 100 கிராம் பச்சையாக 360 கலோரி பக்கம். வெந்தபின் அதே 100 கிராம் 130 பக்கம். வெந்ததை எடை போட்டு, ஆப்பில் பச்சைக்கான பதிவைத் தேர்ந்தெடுத்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறிவிடும். மாற்றிச் செய்தால் பாதிக்கும் மேல் காணாமல் போகும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைத்தால்: வெறும் பாத்திரத்தின் எடையை ஒருமுறை எடுத்து எங்காவது குறித்துவிடுங்கள், 840 கிராம் என்று வைப்போம். பொருட்களின் மொத்தக் கலோரி 2,100. சமைத்து முடித்துப் பாத்திரத்தோடு 2,340 கிராம். உணவு 1,500 கிராம், கிராமுக்கு 1.4 கலோரி. உங்கள் தட்டில் 320 கிராம் என்றால் 448. குழம்பு வற்றினாலும் தண்ணீர் சேர்ந்தாலும் இந்தக் கணக்கு தப்பாது.

ஆப்பில் வேறு யாரோ ஏற்றிவைத்த பதிவை அப்படியே எடுக்காதீர்கள். புரதம் 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. புரதம் 8, மாவு 40, கொழுப்பு 10 என்று போட்டு 180 கலோரி என்றிருந்தால் அது தப்பு. 32 + 160 + 90, 282 வரணும். நார்ச்சத்து மிகுந்த பொருளில் கொஞ்சம் குறைந்து வரலாம், நூறு குறையாது.

#12 ஈரல்குலை

எல்லாரும் மேல்வரம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கீழ்வரம்பும் வேண்டும்.

நிறையப் பயிற்சி செய்துகொண்டு குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாப்பிட்டதிலிருந்து பயிற்சிக் கலோரியைக் கழித்து, கொழுப்பில்லாத உடல் எடையால் வகுக்கணும். 60 கிலோ ஓட்டக்காரி, கொழுப்பு நீங்கலாக 45 கிலோ. 1,500 சாப்பிட்டு 10 கி.மீ. ஓடுகிறார்: 1,500 − 600 = 900, 45-ஆல் வகுத்தால் 20. இது 30-க்குக் கீழே தொடர்ந்து கிடந்தால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும்: மாதவிடாய் தள்ளிப்போகும், நிற்கவும் செய்யும், எலும்பு மெலியும், தூக்கம் கெடும். ஆண்களுக்கும் இது உண்டு, மாதவிடாய் என்ற மணி இல்லாததால் தாமதமாகத் தெரியும்.

மெதுநடைக்கு: அந்த 30 இயல்பான எடையுள்ள இளம்பெண்களிடம் பார்த்த எல்லை. சேமிப்பு நிறைய உள்ள உடம்பில் அப்படியே பொருத்திப் பயப்பட வேண்டாம். ஆனால் வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல், உங்களுக்கு 780 கிராமுக்கு மேல், மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் 150, 200 கலோரி கூட்டிவிடுங்கள். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்குபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு ஏறுகிறது.

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் மருந்தளவை மருத்துவரிடம் பேசியாகணும்; பழைய அளவு மருந்து, பாதிச் சாப்பாடு, கூடவே நடை என்றால் சர்க்கரை சரிந்து விழும். கர்ப்பிணிகளும், சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் நோய் (உணவு உண்ணும் கோளாறு) முன்பு இருந்தவர்களும் இந்த இழையின் எண்களைத் தொடவே வேண்டாம்.

#13 மெதுநடை

கடைசிக் கேள்வி. மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால் உடனே குறைக்கணுமா? 'மெட்டபாலிசம் செத்துவிட்டது, அதனால் கூட்டிச் சாப்பிடு' என்றும் சொல்கிறார்களே.

#14 பூச்சியம்

சாகாது. 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஏன்சல் கீஸ் 36 ஆண்களை ஆறு மாதம் பாதிப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்கள் உடம்பும் சிக்கனம் பிடித்தது, எடை இறங்கும் வேகம் போகப் போகக் குறைந்தது, ஆனாலும் இறங்கியது. பற்றாக்குறையில் எடை ஏறியவர் அங்கே இல்லை.

#15 கணக்குப்பிள்ளை

மூன்று வாரம் நின்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில், நின்றது சராசரியா, தனி நாள் எண்ணா. அடுத்து, சுழற்சியின் எந்த வாரம். பிறகு இடுப்பளவு: தொப்புள் மட்டத்தில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக விட்டு அளந்து பாருங்கள். இடுப்பு ஒரு செ.மீ. இறங்கி எடை நின்றிருந்தால் எதையும் தொடாதீர்கள். சராசரியும் இடுப்பும் நின்று, சுழற்சியும் காரணமில்லை என்றால் ஒரு வாரம் தட்டு சொன்னபடி எண்ணெய் பாட்டிலோடு சேர்த்துக் கறாராக எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாளுக்கு 100 மட்டும் குறையுங்கள், அல்லது நடையில் 20 நிமிடம் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இப்போதைக்கு ஆப்பில் உழைப்பு அளவை மிகக் குறைவானதற்கு மாற்றி, வாட்ச் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். கலோரி இலக்கைக் கையால் 1,660 என்று உள்ளிடுங்கள். சில ஆப்கள் எடையைப் பதியும்போதெல்லாம் இலக்கைத் தாமாகவே மாற்றிவிடும். அந்த அமைப்பையும் தேடி அணையுங்கள்.

#16 மெதுநடை

அணைத்துவிட்டேன். 1,660 போட்டாயிற்று. தராசு பூஜ்யமாவதற்கு முன்பே பாட்டிலை எடுத்துவிட்டால் −612 காட்டுகிறது, அது என் தவறா தராசின் தவறா?

#17 தட்டு

உங்கள் தவறுமில்லை, தராசின் தவறுமில்லை. பூஜ்யம் விழுந்தபின் எடுத்திருக்கிறீர்கள், திரை மாறத்தான் தாமதம். 612 என்பது பாட்டிலின் எடை. ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்து, எண் அசையாமல் நின்றபின் படியுங்கள். ஊற்றி முடிக்க நேரமானால் சில தராசுகள் தாமாக அணைந்து பூஜ்யத்தை மறந்துவிடும். அதற்கும் சேர்த்து, ஊற்றுமுன் உள்ள பாட்டில் எடையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.